படகில் இடம் பிடித்தவன்

1

திண்டிவனத்தில் என் அக்கா வீட்டுக் கூடத்தில் டிவிக்கு மேலே ஒரு படம் மாட்டியிருக்கிறார்கள். பின்னால் பச்சைத் தண்ணீர், ஒரு கல் பாலம், முன்னால் நானும் என் மனைவி கற்பகமும். நாங்கள் ஊருக்குப் போகும்போது பார்க்க வருகிறவர்கள் காபி வருவதற்குள் அந்தப் படத்தைப் பார்த்துவிடுவார்கள். "வெனிஸு எப்பிடி மாமா இருந்துச்சு? ஊரே தண்ணியிலதானாமே!" என்பார்கள். "சூப்பரா இருந்துச்சு" என்று சொல்லிவிட்டு நான் பேச்சை மாற்றுவேன். கற்பகம் வேறு பக்கம் திரும்பிக்கொண்டு சிரிப்பாள்.

படத்தில் நான் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பதை யாரும் நம்ப வேண்டாம். என் கைகளைப் பாருங்கள். முதுகில் மாட்ட வேண்டிய பையை மார்பில் மாட்டி, குழந்தையைப் போல இரண்டு கையாலும் அணைத்திருக்கிறேன். அந்தப் பைதான் அன்று எங்களைப் படாத பாடு படுத்தியது.

இந்த வாரம் எங்கள் கல்யாண நாள். மகள் நித்யா வாழ்த்துச் செய்தி அனுப்பினாள், பிரெஞ்சில். கூடவே அந்தப் பழைய படத்தையும் அனுப்பி, "மறுபடி போகலாமா?" என்று கேட்டிருந்தாள். கற்பகம் அதைப் படித்துவிட்டு என்னிடம் போனை நீட்டினாள். "போலாமா? ஆனா எடம் புடிக்கிற வேலையெல்லாம் கெடையாது" என்றாள். சரி, இனியும் "சூப்பர்" என்று சொல்லி ஊரை ஏமாற்ற வேண்டாம் என்று எழுத உட்கார்ந்தேன்.

2

நான் பயந்தாங்கொள்ளி. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டைப் பூட்டிவிட்டு மாடிப்படி இறங்கி, மறுபடி ஏறிப் பூட்டை இழுத்துப் பார்க்கிற ஆள். ரயில் வர ஒரு மணி நேரம் இருக்கும்போதே பிளாட்பாரத்தில் நிற்கிற ஆள். பாரிஸுக்கு வெளியே ஒரு புறநகரில், ஆஸ்பத்திரித் துணிகளை வெளுக்கிற பெரிய சலவைக்கூடத்தில் எனக்கு வேலை. அங்கே கூட வேலை செய்பவர்கள் எனக்கு வைத்த பெயர் 'காப்பீட்டுக்காரர்'.

இந்தப் பயம் 1993இல் வந்தது. அதற்கு முன் எனக்கு அப்படி ஒன்றும் இல்லை. அனந்தபுரத்திலும் திண்டிவனத்திலும் திரிந்த காலத்தில் நான் தைரியசாலி என்றே பெயர் எடுத்தவன். எங்கள் பக்கத்தில் 'நேஷனாலிட்டி' உள்ள பெண் என்றால் தெரியுமே. கற்பகத்தின் தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். அதனால் குடும்பத்துக்கே பிரெஞ்சுக் குடியுரிமை. புதுச்சேரியில் மாமா வீட்டில் தங்கிப் படித்ததால் அவளுக்கு மொழியும் தெரியும். அவளைக் கட்டிக்கொண்டு, அவள் கையைப் பிடித்துக்கொண்டு, நான் விமானம் ஏறினேன்.

வந்த பிறகு குடியிருப்பு அட்டைக்காக அரசு அலுவலகத்தில் வரிசையில் நிற்க வேண்டும். என் பிறப்புச் சான்று, கல்யாணச் சான்று, அவற்றின் மொழிபெயர்ப்பு, பாஸ்போர்ட் எல்லாம் அவளிடம் ஒரு மஞ்சள் துணிப்பையில் இருக்கும். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அம்மாள் ஏதோ கேட்பார். கற்பகம் பதில் சொல்வாள். நான் தலையாட்டுவேன். ஒருமுறை அவள் கழிப்பறைக்குப் போனபோது எங்கள் எண்ணைக் கூப்பிட்டுவிட்டார்கள். நான் எழுந்து, கண்ணாடி முன்னால் போய், ஒரு வார்த்தை வராமல் நின்றேன். சட்டைப் பையில் என் பெயரைச் சொல்ல ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. அன்று பிடித்த பயம் இன்றுவரை விடவில்லை.

அட்டை வந்து, வேலை கிடைத்து, எனக்கு மொழியும் ஒரு மாதிரி வந்த பிறகு, அந்த மஞ்சள் பையின் பொறுப்பை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். அதிலிருந்து எங்கே போனாலும் எல்லாம் என்னிடம்தான் இருக்கும்.

3

வெனிஸ் பயணம் நித்யா தந்த பரிசு. லியோன் நகரத்தில் அவளுக்கு வேலை கிடைத்த புதிது, 2017 வாக்கில். அவளே டிக்கெட் எடுத்து, ஊருக்கு வெளியே மலிவான ஓட்டலில் அறையும் போட்டுவிட்டாள். அறையை விட்டுக் கிளம்பும்போது நான் கற்பகத்திடம் கையை நீட்டினேன்.

"போன குடு. பாஸ்போர்ட்ட குடு. படகுல பிக்பாக்கெட் ஜாஸ்தியாம்."

"போனு என்கிட்டயே இருக்கட்டுமே."

"குடு சொல்றன்."

கொடுத்தாள். அவளுக்குச் சர்க்கரை நோய் உண்டு. காலையில் ஊசி போட்டுக்கொண்டு ஒரு ரொட்டித் துண்டு சாப்பிட்டிருந்தாள். மத்தியானம் நேரத்துக்குச் சாப்பிட்டே ஆக வேண்டும். தவறினால் சர்க்கரை இறங்கிவிடும். ஒருமுறை எங்கள் ஊர்க் கடையில் அப்படி ஆகி, வேர்த்து, நாக்குக் குழறி, காய்கறித் தட்டைப் பிடித்துக்கொண்டு சரிந்ததைப் பார்த்திருக்கிறேன். அதனால் முந்தைய நாள் வீட்டில் கிளறிக் கொண்டுவந்த புளிச்சோறு, பிஸ்கட், பழச்சாறு டப்பா எல்லாவற்றையும் முதுகுப்பையில் வைத்தேன். வெயில் ஏறியதும் அவள் கோட்டைக் கழற்றினாள். அதையும் வாங்கி மடித்து வைத்தேன். கோட்டுப் பையில் எப்போதும் இருக்கும் மிட்டாய்களும் அதோடு உள்ளே போயின. அப்போது எனக்கு அது தோன்றவில்லை.

ஊர் அழகுதான். இல்லை என்று சொன்னால் வாய் வெந்துபோகும். தெரு இருக்க வேண்டிய இடத்தில் தண்ணீர். குப்பை வண்டி படகு, ஆம்புலன்ஸ் படகு, தக்காளி கொண்டுவருவதும் படகு. சந்துகளில் கொடி கட்டித் துணி காய்கிறது. தண்ணீரின் வாடை எனக்கு மரக்காணம் கழுவெளிச் சதுப்பை ஞாபகப்படுத்தியது. கற்பகம் ஒவ்வொரு பாலத்திலும் ஏறி நின்றாள். நான் ஒவ்வொரு பாலத்திலும் பையின் ஜிப்பைத் தொட்டுப் பார்த்தேன். ஜப்பான்காரர் ஒருவர் எடுத்துக் கொடுத்ததுதான் அந்தப் படம்.

ஒரு சின்னச் சதுக்கத்தில் தேவாலயம் ஒன்று இருந்தது. கற்பகம் படியேறினாள். வாசலில் குனிந்தாள். செருப்பின் வாரை அவிழ்த்தாள்.

"ஏய், இன்னா பண்ற? எல்லாரும் பூட்ஸோட போறாங்க பாரு."

"போவட்டும். கோயிலு கோயிலுதான். நம்மூருல மாதா கோயிலுக்குள்ள செருப்போட போவமா?"

பழுப்புச் செருப்புகளை வாசலோரம் ஜோடியாக வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். காவலுக்கு இருந்த பெரியவர் அவள் வெறுங்காலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தோளைக் குலுக்கினார். எனக்கு மானம் போயிற்று. ஆனாலும் செருப்பை யாராவது எடுத்துக்கொண்டு போய்விட்டால்? நான் உள்ளே போகவில்லை. நானூறு வருடத்து ஓவியங்கள் உள்ளே இருக்க, வாசலில் நின்று செருப்புக்குக் காவல் காத்தேன். அவள் வெளியே வந்ததும், "மானத்த வாங்கற" என்று சிடுசிடுத்தேன். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. "உள்ள சில்லுனு இருந்துச்சு" என்றாள்.

4

தேவாலயத்துக்குப் பின்புறம், முகமூடிகள் தொங்கும் ஒரு கடையைத் தாண்டினால் படகுத்துறை. தண்ணீரில் மிதக்கும் ஒரு கூடம் அது. அங்கே படகு ஏறி, பெரிய சதுக்கத்தைப் பார்த்துவிட்டு, பக்கத்தில் ஏதாவது தோட்டத்தில் உட்கார்ந்து புளிச்சோறு சாப்பிடுவதாகத் திட்டம். கூட்டமான கூட்டம். பெட்டிகளோடு, தள்ளுவண்டிக் குழந்தைகளோடு, ஒரு பள்ளிக்கூடமே நின்றது. படகு வந்து கூடத்தில் இடித்தது. பணியாள் கயிற்றைச் சுற்றிக் கட்டி, கம்பிக் கதவைத் தள்ளினார்.

அப்போது எனக்குள் என்ன புகுந்தது என்று திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் ஏறிப் பழகியவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அமாவாசைக்கு மேல்மலையனூர் கோயிலுக்குப் போகும் ஸ்பெஷல் பஸ் உள்ளே திரும்பும்போதே கூட ஓடி, ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு, டிரைவர் பக்கத்துக் கதவில் ஏறி, மூன்று பேர் சீட்டில் மல்லாந்து படுத்து இடம் பிடித்தவன் நான். கல்யாணமான புதிதில் கற்பகத்தை அப்படித்தான் மேல்மலையனூருக்குக் கூட்டிப்போனேன். அவள் கூட்டம் குறைந்தபின் நிதானமாக ஏறி வந்து, நான் காத்த இடத்தில் ராணியைப் போல உட்கார்ந்தாள். வாழ்க்கையில் நான் அவளுக்குக் காட்டிய முதல் வீரம் அது.

"கற்பகம், நீ பின்னால வா! நான் போய் எடம் புடிக்கிறன்!"

இறங்குகிறவர்களுக்கு இடையில் புகுந்தேன். ஒரு வெள்ளைக்காரக் கிழவர் திட்டினார். ஜன்னலோரம் இரண்டு இருக்கைகள். ஒன்றில் நான் உட்கார்ந்தேன், மற்றதில் கைக்குட்டையைப் போட்டேன். அப்பாடா என்று திரும்பிப் பார்த்தேன். கம்பிக் கதவு மூடியிருந்தது. கூட்டத்தின் பாதி இன்னும் கூடத்திலேயே நின்றது. அந்தக் கூட்டத்துக்குள் கற்பகத்தின் மஞ்சள் சுடிதார். நடுவில் தண்ணீர், அது அகன்றுகொண்டே போயிற்று.

"நிறுத்துங்க! நிறுத்துங்க!" என்று கத்தினேன், தமிழில். பணியாள் வந்து விரலால் காட்டினார், அடுத்த துறை என்று. கற்பகம் கையைத் தூக்கி ஏதோ சொன்னாள். இயந்திரச் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை.

உடனே போனை எடுத்து அவள் எண்ணை அடித்தேன். என் மார்பில் இருந்த பைக்குள் மணி அடித்தது.

5

அடுத்த துறை எதிர்க்கரையில் இருந்தது. இறங்கி, திரும்பும் படகுக்குக் காத்து நின்றேன். காத்து நிற்க நிற்க, ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. அவளிடம் போன் இல்லை. பணம் இல்லை. பாஸ்போர்ட் இல்லை. ஓட்டல் பெயர் எழுதிய சீட்டு என்னிடம். இரண்டு பேருடைய படகுச் சீட்டும் என்னிடம். கடைசியாக மிட்டாய். பையைத் திறந்து கோட்டைத் தடவினேன். காகிதம் சரசரத்தது.

திரும்பி வந்தபோது கூடத்தில் அவள் இல்லை. அங்கே நின்ற பெண்ணிடம் என் போனில் இருந்த படத்தைக் காட்டினேன். அந்தப் பெண் தலையசைத்தாள். தெரியாது என்கிறாளா, பார்த்தேன் என்கிறாளா, எனக்குப் புரியவில்லை. வேறு படகில் ஏறி என்னைத் தேடிப் போயிருப்பாளோ? பெரிய சதுக்கத்துக்குப் போகலாம் என்றுதானே பேசியிருந்தோம். நான் அங்கே ஓடினேன். ஓடினேன் என்றால், அந்த ஊரில் ஓட முடியாது. சந்து ஒன்று தண்ணீரில் போய் முடியும். திரும்பி வந்தால் வேறு சந்து, அதே மாதிரி வீடு, அதே மாதிரி ஜன்னல்.

சதுக்கத்தில் மனிதர்களும் புறாக்களும் சரிசமமாக இருந்தார்கள். மஞ்சள் துணியைப் பார்த்த இடத்துக்கெல்லாம் போனேன். ஒன்று சீனப் பெண்ணின் குடை. ஒன்று வழிகாட்டியின் கொடி. வெயில் உச்சியைத் தாண்டிவிட்டது. அவளுக்கு இப்போது வேர்க்கத் தொடங்கியிருக்கும். குழறிப் பேசினால் குடித்திருக்கிறாள் என்று நினைப்பார்களோ? தண்ணீர் ஓரமாகத் தலை சுற்றினால்? அந்த ஊரில் பாதி இடத்துக்குத் தடுப்புச் சுவரே கிடையாது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

நித்யாவைக் கூப்பிட்டேன். அலுவலகத்தில் ஏதோ கூட்டத்தில் இருந்தாள். பிரெஞ்சில் பேசினாள். அமைதியாக இருங்கள் பப்பா, அம்மா சின்னப் பிள்ளை இல்லை, போலீசிடம் போங்கள், ஓட்டலுக்கு நான் பேசுகிறேன். எல்லாம் சரியான யோசனைதான். ஒரு வாடிக்கையாளரிடம் பேசுவதைப் போலச் சொன்னாள்.

"தமிழ்ல பேசேன்டி!" என்று கத்தினேன்.

பிறகு, "அம்மா சாப்ட்டாளா?" என்று கேட்டாள். அவளுடைய தமிழ் அவ்வளவுதான், ஆனால் கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டாள். "இல்லம்மா" என்றேன். போனின் அந்தப் பக்கத்தில் அவள் மூச்சு மாறியது.

சதுக்கத்தின் ஓரத்தில் ஒரு போலீஸ் அம்மாள் நின்றிருந்தார். அவர் முன்னால் போனதும் இருபது வருடப் பிரெஞ்சும் என்னைக் கைவிட்டது. "எம் பொண்டாட்டிய காணோம்மா" என்று அழுதேன். அவர் என் தோளைத் தொட்டு, இத்தாலியத்தில் ஏதோ கேட்டுப் பார்த்து, பிறகு பிரெஞ்சு தெரியுமா என்று கேட்டு, நிதானமாகக் கேள்வி கேட்டார். பெயர்? வயது? உயரம்? என்ன உடை? சர்க்கரை நோய் என்றதும் வயர்லெஸ்ஸில் யாரிடமோ பேசினார். பிறகு கேட்டார், காலில் என்ன?

"செருப்பு. பழுப்பு நிறம். வார் வைத்தது. காலையில் கோயிலில் கழற்றி..."

மேல்மலையனூரில் அன்று பஸ்ஸை விட்டு இறங்கிய பிறகு நடந்தது நினைவுக்கு வந்துவிட்டது. கோயில் கூட்டத்தில் அவள் கை என் கையை விட்டுப்போயிற்று. புதுப் பெண்டாட்டியைத் தொலைத்துவிட்டு நான் மைக் கட்டிய பந்தல், பொங்கல் வைக்கிற இடம், பஸ் நிற்கிற இடம் என்று பைத்தியக்காரனைப் போல அலைந்தேன். அவள் எங்கே இருந்தாள்? நாங்கள் செருப்பு விட்ட மரத்தடியில், இரண்டு ஜோடிக்கும் பக்கத்தில், மல்லாட்டைத் தோலை உரித்துக் கடலையைத் தின்றுகொண்டு உட்கார்ந்திருந்தாள். "கும்பல்ல எங்கன்னு தேடறது? செருப்பு இங்கதான கெடக்குது. நீங்க எங்க சுத்தினாலும் இங்கதான வந்தாவணும்" என்றாள். அதன் பிறகு எந்தத் திருவிழாவுக்குப் போனாலும் எங்கள் வீட்டில் அதுதான் சட்டம். காணாமல் போனால் செருப்பு விட்ட இடம்.

போலீஸ் அம்மாளிடம் சரியாக நன்றிகூடச் சொல்லவில்லை. ஓடினேன். பிறகு அவர் பின்னால் வருகிற பூட்ஸ் சத்தம் கேட்டது. நான் படகு ஏறிய துறையின் பெயரைச் சொன்னேன்; அவர் வழி காட்ட, நான் முன்னால் ஓடுவதும் திரும்புவதுமாக அந்தச் சின்னச் சதுக்கத்துக்கு வந்து சேர்ந்தோம்.

6

தேவாலயத்தின் வாசற்படியில் அவள் உட்கார்ந்திருந்தாள். வெறுங்கால். பக்கத்தில் பழுப்புச் செருப்புகள், காலையில் வைத்த அதே இடத்தில், ஜோடியாக. முகம் வெளுத்து, நெற்றி முடி ஒட்டியிருந்தது. கையில் பாதி குடித்த ஆரஞ்சுச் சாறு.

"இன்னா இவ்ளோ நேரம்?" என்றாள். குரல் குழறவில்லை. நான் அவள் பக்கத்தில் பொத்தென்று உட்கார்ந்து, இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டேன். போலீஸ் அம்மாள் கற்பகத்தின் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார், ஆம்புலன்ஸ் வேண்டுமா என்று கேட்டார். கற்பகம் அழகான பிரெஞ்சில் வேண்டாம் என்று சொல்லி நன்றியும் சொன்னாள். அவர் சற்று நேரம் நின்றுவிட்டுப் போனார்.

"சாறு ஏது? உன்கிட்டதான் காசு இல்லியே" என்றேன்.

அவள் செருப்பைக் காட்டினாள். அதில் ஒரு நாணயம் கிடந்தது.

"வெறுங்காலோட குந்திக்கினு இருந்தனா? எவளோ ஒரு புண்ணியவதி போட்டுட்டுப் போனா. அப்பறம் இன்னொருத்தரு. மொதல்ல எனக்கு ஆத்திரமா வந்துச்சு, நான் இன்னா பிச்சையா எடுக்கறன்னு. அப்பறம் கை ஒதற ஆரம்பிச்சிச்சு. எடுத்துக்கினு போய் அந்தக் கடையில சாறு வாங்கினேன். மிச்சம் அது."

எனக்கு அவமானமாக இருந்தது. அவளுக்கு வேண்டியதெல்லாம் என் மார்பில் தொங்க, யாரோ போட்ட காசில் அவள் உயிரைப் பிடித்து வைத்திருந்தாள். பையிலிருந்த கருவியை எடுத்து, அவள் விரலில் குத்திச் சர்க்கரையைப் பார்த்தேன். குறைவுதான், ஆனால் ஏறிக்கொண்டிருந்தது. புளிச்சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துக் கொடுத்தேன். உலகம் முழுவதும் இருந்து வந்தவர்கள் பார்த்துக்கொண்டே போக, அவள் படியில் உட்கார்ந்து கையால் அள்ளிச் சாப்பிட்டாள். நான் நித்யாவைக் கூப்பிட்டு இவள் காதில் போனை வைத்தேன். "சாப்டறன்டி, சாப்டறன்" என்றாள் கற்பகம். மறுமுனையில் மகள் அழுவது எனக்கே கேட்டது.

"அந்தக் கூடத்துலயே நிக்கறதுக்கு இன்னா?" என்று கேட்டேன்.

"ரெண்டு படகு பாத்தேன். ஒருத்தன் ஏறுன்றான், ஒருத்தன் எறங்குன்றான். ஒரே பேஜாரு. அப்பதான் நெனைச்சேன், காலைல நீங்க இங்க நின்னுதான செருப்புக்குக் காவல் காத்தீங்க, இத மறக்க மாட்டீங்கன்னு." கடைசிக் கவளத்தை வாயில் போட்டாள். "மறந்துட்டீங்க, இல்ல?"

அவள் கையைத் துடைத்துவிட்டு, என் பக்கம் நீட்டினாள்.

"என் போன குடுங்க. பாஸ்போர்ட்ட குடுங்க. என் சீட்டு, மிட்டாயி, எல்லாத்தையும் குடுங்க."

ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தேன். கோட்டையும் கொடுத்தேன். அவள் கோட்டைப் போட்டுக்கொண்டு, பைகளில் எல்லாவற்றையும் வைத்துக்கொண்டாள். செருப்பில் கிடந்த நாணயத்தைத் தேவாலயத்து உண்டியலில் போட்டுவிட்டு வந்து வாரை மாட்டினாள். படகுத்துறைக்கு நடக்கும்போது, முகமூடிக் கடை முன்னால் நின்றாள்.

"தொண்ணூத்தி மூணுல உங்க காயிதமெல்லாம் என் பையிலதான இருந்துச்சு. அப்ப நான் உங்கள உட்டுட்டு ஓடிப்போய் எடம் புடிச்சனா?"

கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் எனக்கு இன்னும் தாங்கவில்லை.

படகு வந்தது. இந்த முறை கூட்டம் இல்லை, உள்ளே வரிசை வரிசையாக இருக்கைகள் காலியாக இருந்தன. அவளை முன்னால் ஏற விட்டு நான் பின்னால் ஏறினேன். அவள் உட்காரவில்லை, கம்பியைப் பிடித்துத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இறங்கும் துறை வரைக்கும் நானும் அவள் பக்கத்தில் நின்றுகொண்டே வந்தேன்.